செம்பனை, டுரியான், கோழித் தீவனம்: காடு குறைவதைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவது வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆறாம் படிவ மாணவர்கள், ஒரு லாரி ஓட்டுநர், பாலிக் புலாவில் ஒட்டு டுரியான் வளர்க்கும் ஒருவர் எனக் கலவையான கூட்டம். விவசாயம் முன்னேறினால் காடு பிழைக்குமா, வணிகம் பெருகினால் காடு அழியுமா என்ற பேச்சு சென்ற இரண்டு கூட்டங்களிலும் முடியாமல் இழுத்துக்கொண்டு போனது. அங்கே வந்த கேள்விகளைக் குறித்துவைத்தேன். பதில்கள் என்னுடையவை. நான் பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையின் தென்கோடியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்தச் சாய்வு பதில்களில் தெரிந்தால் தெரியட்டும்.

ஒரே ஏக்கரில் இரண்டு மடங்கு விளைந்தால் புதிதாகக் காடு வெட்டவே தேவையில்லை. இதில் என்ன சந்தேகம்?

கணக்கு சரிதான். பசுமைப் புரட்சியின் தந்தை என்று சொல்லப்படும் நார்மன் போர்லாக், 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த வாதமும் இதுதான். சிக்கல் என்னவென்றால், காட்டை வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் உலகத்துக்கு எவ்வளவு உணவு தேவை என்று பார்ப்பதில்லை. தன் அடுத்த ஏக்கரில் எவ்வளவு மிஞ்சும் என்றுதான் பார்க்கிறார்.

நெல்லையும் பாமாயில் தரும் செம்பனையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கெடாவில் மூடா பாசனத் திட்டம் 1970இல் வந்தது. ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயலில் ஆண்டுக்கு ஒரு போகம் இரண்டு போகமானது. அணைகளுக்குள் மூழ்கிய பள்ளத்தாக்குகளைத் தவிர, அந்தக் கூடுதல் நெல்லுக்காகக் காடு போகவில்லை. பழைய வயலே இரண்டு முறை விளைந்தது. சோறு அதிகம் கிடைக்கிறது என்பதற்காக யாரும் இரண்டு வயிற்றுக்குச் சாப்பிடுவதில்லை. உள்ளூரில் விற்கும் தானியம் பெருகினால் விலை இறங்கும், விலை இறங்கினால் மேட்டு நிலத்தில் கஷ்டப்பட்டு விதைப்பவர் விட்டுவிடுவார்.

செம்பனை அப்படியில்லை. அது உலகச் சந்தைக்குப் போகிற சரக்கு. ஓர் ஊரில் விளைச்சல் கூடியதால் உலக விலை அசையாது. விலை அப்படியே நிற்க, ஏக்கருக்கு லாபம் மட்டும் ஏறும். லாபம் ஏறினால் கண் பக்கத்துக் குன்றுக்குப் போகும்.

இதற்குக் கண்ணால் பார்த்த எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. என் அம்மா.

செம்பனையில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் இங்கே வந்தது, ஆனால் அங்கே அதன் பூவில் வாழும் பூச்சி கூட வரவில்லை. அதனால் இளம் மரங்களில் காய் சரியாகப் பிடிக்காது. தோட்டங்கள் அந்த வேலைக்குப் பெண்களை அமர்த்தின. ஆண் பூவின் மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற வெள்ளைப் பொடியுடன் கலந்து ஒரு சின்ன ஊதுகுழலில் அடைத்துக் கொடுப்பார்கள். முள்மட்டையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, பெண் பூ விரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, விரிந்திருந்தால் ஊத வேண்டும். விரியாததை விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பி வர வேண்டும். அம்மா மாலையில் வீடு திரும்பும்போது புருவமும் முன்தலை மயிரும் வெளுத்திருக்கும். முழங்கையில் மட்டை கீறிய கோடுகள். நாங்கள் சின்னப் பிள்ளைகள், அம்மாவுக்கு ஒரே நாளில் நரைத்துவிட்டது என்று சிரிப்போம்.

1981இல் கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். எள்ளை விடச் சற்றுப் பெரிய பூச்சி. ஆண் பூவில் பிறந்து வளர்ந்து, வாசனையால் இழுக்கப்பட்டுப் பெண் பூவுக்குப் போய் வரும். சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவியது. குலைகள் கனத்தன, கொட்டை எண்ணெய் பெருகியது. ஊதுகுழலைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அம்மா உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போனார். குழலைத் தூக்கிக் கழுத்து வலிப்பது போய் இடுப்பு வலி வந்தது என்பார்.

காட்டின் பக்கம் இருந்து இதைப் பாருங்கள். கூலிச் செலவு போய்விட்டது, விளைச்சல் கூடிவிட்டது, உலக விலைக்கோ அது பெரிய பொருட்டில்லை. அதுவரை ஆள் கிடைக்காத தொலைவில், போர்னியோவில் உள்ள சபா மாநிலத்தின் உட்பகுதிகளில் எல்லாம், செம்பனை போடுவது லாபமாகிவிட்டது. 1960இல் மலேசியாவில் செம்பனை ஏறத்தாழ 55,000 ஹெக்டர். 2019இல் 59 லட்சம் ஹெக்டர். இதையெல்லாம் ஒரு பூச்சியின் தலையில் போட முடியாது. 1956இல் தொடங்கிய பெல்டா நிலமில்லாதவர்களைக் குடியேற்றியது, ரப்பர் விலை விழுந்தது, மெல்லிய ஓடுள்ள கலப்பின மரம் வந்தது, சாலை போட்டார்கள். அவற்றோடு பூச்சியும் ஒரு கை கொடுத்தது.

அப்படியென்றால் விளைச்சல் கூடவே கூடாது என்கிறீர்களா?

இல்லை. நல்ல விதையே வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1965 முதல் 2004 வரை முக்கியப் பயிர்களின் புதிய ரகங்களால் உலக அளவில் 1.8 கோடி முதல் 2.7 கோடி ஹெக்டர் நிலம் உழவுக்கு வராமல் தப்பியது என்பது ஒரு மதிப்பீடு. அதில் காடு 20 லட்சம் ஹெக்டர் அளவுக்குத்தான். பெரிய எண்தான், ஆனால் போர்லாக் சொன்ன அளவுக்குக் கிட்டேகூட வரவில்லை.

1865இலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் நிலக்கரியைப் பற்றி இதைச் சொல்லிவிட்டார். நீராவி இயந்திரம் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை. மலிவாகிவிட்டது என்று எல்லோரும் இயந்திரம் வாங்கினார்கள், செலவு பெருகியது. நிலத்துக்கும் அதே கதி நேரலாம்.

இன்னொரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய முறை ஆளைக் கேட்கிறதா, ஆளைத் துரத்துகிறதா? பிலிப்பைன்சின் பலவான் தீவில் சமவெளி வயல்களுக்குப் பாசனம் வந்ததும் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேவைப்பட்டது. மலையில் காட்டை எரித்து விதைத்துக்கொண்டிருந்தவர்கள் கூலிக்குக் கீழே இறங்கி வந்தார்கள். மலையில் காடு வெட்டுவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இயந்திரம் வந்து ஆட்களை வெளியேற்றும் இடங்களில் நேர்மாறாக நடக்கிறது. வேலை போனவர் கோடரியோடு காட்டோரத்துக்குப் போகிறார்.

வணிகம்தான் காட்டை அழிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

நம்முடைய தீவின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது பினாங்கு பெரும்பாலும் அடர்காடு. சில ஆண்டுகளில் ஆச்சேயிலிருந்து மிளகுக் கொடி வந்தது, காடு பின்வாங்கியது. ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள் நடந்து துறைமுகங்கள் அடைபட்டன, மிளகு விலை விழுந்தது, தோட்டங்கள் பாழாகின. அடுத்து ஜாதிக்காயும் கிராம்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜாதிமரத்தில் நோய் விழுந்து அதுவும் போயிற்று. காட்டை வெட்ட வைத்ததும் வெட்டியதைக் கைவிட வைத்ததும் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த சந்தை. இன்று கொடிமலைச் சரிவில் நாம் ஆதிகாடு என்று கைகாட்டும் சில இடங்கள் அப்படிக் கைவிடப்பட்ட தோட்டங்களின் மேல் மீண்டும் வளர்ந்தவை.

கட்டாப்பெர்ச்சா மரத்தின் கதை இதை விடக் கொடுமை. கடலுக்கடியில் தந்திக் கம்பி போடத் தொடங்கியபோது கம்பிக்கு உறையாக அந்த மரத்தின் பால் தேவைப்பட்டது. ரப்பரைப் போலக் கீறி எடுக்க வராது, மரத்தையே சாய்க்க வேண்டும். மலாய்த் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் லட்சக்கணக்கில் சாய்த்தார்கள். லண்டனிலிருந்து பம்பாய்க்குச் செய்தி நிமிடங்களில் போனது. மரங்கள் காட்டில் அரிதாகிவிட்டன.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு புள்ளிவிவரம், இது எனக்கே வியப்பாக இருந்தது. வெப்பமண்டலக் காடு அழிவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விவசாயத்தோடு தொடர்புடையது. ஆனால் காட்டுக்குள் புகும் விவசாயத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தந்த நாட்டு மக்களே உண்ணவும் பயன்படுத்தவும் செய்யப்படுவது. ஏற்றுமதிக்குப் போவது கால் பங்கு. நம் வட்டாரத்தில் அந்தக் கால் பங்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் செம்பனையும் ரப்பரும் பிறருக்காக விளைவிக்கப்படுபவை. பிரேசிலில் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி பிரேசில்காரர்கள் தட்டிலேயே போகிறது.

வணிகம் காப்பாற்றும் நேரமும் உண்டு. நாம் உண்ணும் அரிசியில் கணிசமான பங்கு தாய்லாந்து, வியட்நாம், இந்தியா, பாகிஸ்தான் நாடுகளிலிருந்து வருகிறது. அத்தனையும் இங்கேதான் விளைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எந்தச் சதுப்பு நிலத்தை வடிப்பது? 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது இறக்குமதி அரிசி விலை ஏறியது, எல்லோரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள், சில வாரங்களில் கடைத் தட்டுகளில் அது காணாமல் போனது. நானும் மூன்று கடை ஏறி இறங்கினேன். வணிகம் நின்றால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு சின்ன ஒத்திகை.

பிரேசில் காட்டுக்கும் பினாங்கில் இருக்கும் எனக்கும் என்ன தொடர்பு?

நாசி கண்டார் கடையில் நீங்கள் வாங்கும் பொரித்த கோழி. மலேசியக் கோழித் தீவனத்தில் சோளமும் சோயாப் பிண்ணாக்கும் முக்கியம், இரண்டும் பெரும்பாலும் கப்பலில் வருபவை, அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். மாட்டிறைச்சி தொடாத வீடு என்று பெருமைப்படுபவரும் கோழிக்குள் இருக்கும் சோயாவைத் தொட்டுவிடுகிறார்.

பிரேசிலிலும் விவசாய அறிவியல் பெரும் வேலை செய்தது. அங்கே செராடோ என்ற புல்வெளிக்காடு ஒரு காலத்தில் எதற்கும் ஆகாத அமில மண். அரசு ஆய்வு நிறுவனம் எம்பிராப்பா சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்தியது, வெப்பமண்டலத்தில் விளையும் சோயா ரகங்களை உருவாக்கியது. உலகமே பாராட்டிய சாதனை. செராடோவில் பாதி போன காரணமும் அதுதான்.

அமேசானில் நடந்ததை மட்டும் நான் நம்பிக்கையோடு சொல்வேன். 2004இல் அங்கே ஒரே ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது. 2012இல் அது 4,571. அதே ஆண்டுகளில் சோயா விளைச்சல் குறையவில்லை, ஏறியது. இடையில் என்ன மாறியது? செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், காடு அழித்த மாவட்டங்களுக்குக் கடன் நிறுத்தம், புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் பெரிய வணிகர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். வேலி போட்டார்கள். வேலிக்குள் நின்றபடியே விளைச்சலைக் கூட்டினார்கள். அதன் பிறகு வேலி தளர்ந்த ஆண்டுகளில் எண் மறுபடி ஏறியது. 2018இல் அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டை போட்டு, சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 விழுக்காடு வரி விதித்தபோது வாங்குபவர்கள் பிரேசிலுக்குத் திரும்பினார்கள். வாஷிங்டனில் கோபம், பெய்ஜிங்கில் கோபம், நெருக்கடி செராடோவுக்கு.

செம்பனை எண்ணெயை நிறுத்திவிட்டால் காடு தப்புமா?

எதைக் கொண்டு பொரிப்பீர்கள்? ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்றரை டன் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன்னுக்கும் கீழே. சூரியகாந்தியும் கடுகு இனத்து எண்ணெயும் முக்கால் டன் அளவு. எண்ணெய்ப் பயிர் நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் நின்றுகொண்டு உலகத் தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது செம்பனை. அதைத் துரத்தினால் அந்த எண்ணெய் வேறு எங்கோ ஐந்தாறு மடங்கு நிலத்தில் விளைய வேண்டும்.

ஏழை வீட்டுக் கணக்கும் இருக்கிறது. இங்கே உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அங்கிருந்து வந்த உறவினர் ஒருவர், பாமாயில் உடம்புக்கு ஆகாது, நாங்கள் தொடுவதில்லை என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். அவர் கையில் இருந்த பிஸ்கட் எதில் செய்தது என்று நான் சொல்லவில்லை. விருந்தாளி.

ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டால் அது காட்டழிப்பா?

இல்லை, தோட்டம் தோட்டமாக மாறுகிறது, அவ்வளவுதான். நிறுவனங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் 1990க்கும் 2005க்கும் இடையே மலேசியாவில் புதிதாக வந்த செம்பனையில் 55 முதல் 59 விழுக்காடு காட்டை விழுங்கி வந்தது என்று ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. மிச்சம்தான் ரப்பர், கொக்கோ நிலங்கள்.

நாட்டில் பாதிக்கு மேல் காடுதான் என்று அரசு சொல்கிறது. பிறகு என்ன கவலை?

1992 ரியோ மாநாட்டில் மலேசியா, நிலப்பரப்பில் பாதியாவது காடாக வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுத்தது. அதிகாரப்பூர்வக் கணக்கில் இன்றும் 54, 55 விழுக்காடு வருகிறது. நான் அந்தக் கணக்கை மறுக்கவில்லை, காடு என்றால் என்ன என்று கேட்கிறேன்.

நம் மொழியிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டு உழவருக்குக் காடு என்றால் மானாவாரி நிலம். தோட்டத்தில் எங்களுக்குப் பால்மரக் காடு. காலையில் அப்பா காட்டுக்குப் போய்விட்டார் என்றால் பால் வெட்டப் போய்விட்டார் என்று பொருள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் கிட்டத்தட்ட எங்கள் பக்கம்தான்: ரப்பர் தோட்டத்தைக் காடு என்று எண்ணுகிறது, செம்பனைத் தோட்டத்தை எண்ணுவதில்லை. இங்கே லாடாங் ஹுத்தான் என்று ஒன்று உண்டு, ஒதுக்கிய வனத்துக்குள்ளேயே இயற்கைக் காட்டை மொட்டையடித்து மரத்துக்கும் பாலுக்கும் உதவும் ரப்பர் நடுவது. வரைபடத்தில் அது பச்சையாகவே இருக்கும். கிளந்தானின் குவா மூசாங்கில் ஒராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்கள் மரத்தடுப்பு போட்டு மறித்தார்களே, அவர்களுக்கு வரைபடத்தின் பச்சை சோறு போடவில்லை. பிரம்பும் மீனும் போய்விட்டன.

விலை ஏறும்போதெல்லாம் காடு குறைகிறதா?

நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. செம்பனை நட்டு மூன்று ஆண்டில் குலை தள்ளும், இருபத்தைந்து ஆண்டு நிற்கும். அதனால் ஒரு நல்ல ஆண்டின் விலை கால் நூற்றாண்டுக்கான முடிவாகிவிடும். ஆனால் 2022 மார்ச்சில் கச்சாச் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியபோது மலேசியாவில் பரப்பு பெருகவில்லை. குலை வெட்டவே ஆளில்லை. பழம் மரத்திலேயே அழுகியது. மொத்தப் பரப்பு 65 லட்சம் ஹெக்டரைத் தாண்டக்கூடாது என்று 2019இல் அரசு சொல்லிவிட்டது. எளிதில் எட்டும் நல்ல நிலமும் தீர்ந்துவிட்டது. இந்தோனேசியாவில் ஆதிகாட்டையும் கரிமண் சதுப்பு நிலத்தையும் புதிதாகத் திறப்பதற்கு 2011இல் வந்த தடை 2019இல் நிரந்தரமானது. கடந்த பத்தாண்டில் இரு நாடுகளிலும் ஆதிகாட்டு இழப்பு முன்பிருந்த உச்சத்தை விடத் தாழ்ந்திருக்கிறது. இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது இளைஞர் ஒருவர் என்னை நிறுவனத்தின் ஆள் என்றார். இருக்கட்டும்.

ஐரோப்பியச் சட்டத்தால் நம் சிறு தோட்டக்காரர்களுக்கு என்ன ஆகும்?

2023இல் நிறைவேறிய அந்தச் சட்டம், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை, ரப்பர், கொக்கோ, காப்பி, சோயா, மரம், கால்நடை ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது என்கிறது. விளைந்த நிலம் எங்கே என்று ஆயத்தொலைவோடு காட்ட வேண்டும். நான்கு ஹெக்டருக்குக் கீழே ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் எல்லை முழுவதும் வரைய வேண்டும். நடைமுறைக்கு வரும் நாளை ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போட்டார்கள்.

நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. சிறு தோட்டக்காரருக்குச் சிக்கல் காடு அழித்ததால் வரப்போவதில்லை, தாளால் வரும். மலேசியச் செம்பனைப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு சிறு உடைமையாளர்கள் கையில். பத்து ஏக்கர்க்காரர் தன் குலையை இடைத்தரகரிடம் போடுகிறார், தரகர் ஐம்பது பேர் குலையை ஒரே லாரியில் ஏற்றுகிறார், ஆலையில் எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கிறது. யாருடைய பழம் எது என்று பிரிக்க முடியாத ஆலை என்ன செய்யும்? சிறியவர்களை விட்டுவிட்டுப் பெரிய தோட்டத்துக் குலையை ஐரோப்பாவுக்கும், மிச்சத்தைக் கேள்வி கேட்காத சந்தைக்கும் அனுப்பும். காடு அதே வேகத்தில் போகும், நல்ல பெயர் மட்டும் ஐரோப்பாவுக்கு.

உயிர் எரிபொருள் விவகாரத்தில் மலேசியா உலக வணிக அமைப்பில் போட்ட வழக்கு இதற்கு முந்தையது, வேறு சட்டம். 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு, ஐரோப்பா கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அதைச் செயல்படுத்திய முறையில் பாரபட்சம் இருந்தது என்றது. இரு தரப்பும் வென்றதாக அறிக்கை விட்டன.

சான்றிதழ் முத்திரை உள்ள பொருளை வாங்கினால் போதுமா?

நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை 2004இல் தொடங்கியது, அலுவலகம் கோலாலம்பூரில். காடழிப்பே கூடாது என்ற விதி அதில் 2018இல்தான் இறுகியது. மலேசிய அரசின் சொந்தச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயம். இரண்டும் ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனால் பினாங்கு மளிகைக் கடையில் முத்திரை பார்த்து எண்ணெய் எடுப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. விலையைப் பார்க்கிறார்கள், நானும்தான்.

நம் தாத்தாக்கள்தானே காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கினார்கள்? இப்போது நாம் பேசலாமா?

இதைக் கேட்டவர் ஒரு மாணவி, கேட்கும்போது குரல் தணிந்தது. செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஒப்பந்தக் கூலிகளாக வந்துவிட்டார்கள். 1900க்குப் பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, கங்காணிகள் கப்பல் கப்பலாக ஆள் கொண்டுவந்தார்கள். பெருமரங்களைச் சாய்க்கும் வேலை பல இடங்களில் மலாய், சீனக் குழுக்களுக்குப் போனாலும், சாய்த்ததை எரித்து, குழி வெட்டி, கன்று நட்டு, லாலாங் புல்லோடு மல்லுக்கட்டியவர்கள் நம்மவர்கள். மலேரியாவில் செத்தவர்களும்.

நிலம் அவர்கள் பெயரில் இல்லை, விலை அவர்கள் கையில் இல்லை, எங்கே வெட்டுவது என்று அவர்களைக் கேட்கவும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோதும் செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறியபோதும் வெளியே போகச் சொல்லப்பட்டவர்களும் அவர்களே. என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பேசலாம்.

டுரியான் பழ மரம்தானே, அதைப் போட்டால் மலை பசுமையாகத்தானே இருக்கும்?

தொலைவிலிருந்து பார்த்தால் பசுமைதான். மழைநாளில் சரிவின் அடியில் ஓடும் வாய்க்காலைப் பாருங்கள், பால் கலந்த தேநீர் நிறத்தில் வரும். பழைய கம்பத்து டுரியான் மங்குஸ்தீனோடும் ஜாதிக்காயோடும் கலந்து நிற்கும், அடியில் சருகு மூடியிருக்கும். இப்போது போடுவது ஒரே ரகம், படிக்கட்டாய் வெட்டிய சரிவு, இடையில் வெறும் மண்.

இங்கேயும் விவசாய முன்னேற்றமும் வணிகமும் கைகோத்து வந்தன. ஒட்டு கட்டிய கன்று ஐந்தாறு ஆண்டில் காய்க்கிறது. விதையில் முளைத்த மரத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். மறுபக்கம் சீனா 2011இல் உறைந்த சதையையும், 2019இல் உறைந்த முழுப்பழத்தையும், 2024இல் புதுப்பழத்தையும் அனுமதித்தது. முசாங் கிங் என்ற டுரியான் ரகத்தின் பெயரைச் சொன்னாலே பாகாங் மாநிலத்தில் நிலம் சூடாகிவிட்டது. அங்குள்ள ரவூப்பில் உரிமம் இல்லாத அரசு நிலத்தில் நீண்டகாலம் பயிரிட்டவர்களுக்கும் மாநில அரசுக்கும் 2020இல் வெடித்த தகராறு எல்லோரும் அறிந்தது. மரம் மதிப்பில்லாமல் நின்றவரை அது யாருடைய நிலம் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் கூட்டத்து டுரியான்காரர் இதைக் கேட்டுவிட்டு, என் சரிவில் நான் புல் வளர விட்டிருக்கிறேன், வந்து பார் என்றார். போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரப் புல், மண் கரையவில்லை. பழமும் கொடுத்தனுப்பினார், அதனால் என் சாட்சியம் எடுபடாது.

வீட்டுக்குப் பின்னால் மலையில் மரம் வெட்டுகிறார்கள். அனுமதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல், அதாவது 250 அடிக்கு மேல், உள்ளதை மலைநிலம் என்று திட்டமிடலில் கருதுகிறார்கள். 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மலைநிலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் சொந்த நிலமானாலும் அனுமதியில்லாமல் மரஞ்செடிகளை அகற்றக்கூடாது. மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் நகராது. நிலத்தின் லாட் எண் தெரிந்தால் அதையும், தெரியாவிட்டால் கைப்பேசி காட்டும் ஆயத்தொலைவையும் எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே மின்கம்பம் தெரியும்படி, வாரம் ஒரு படம் எடுத்து இணையுங்கள். எத்தனை நாளில் எவ்வளவு போனது என்பதை அந்தக் கம்பம் காட்டிக்கொடுக்கும். கடிதத்தின் நகலில் வரவு முத்திரை வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.